யானைக்குட்டி கேட்ட கேள்வி

அந்த யானைக்குட்டியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டால் என்ன என்றிருந்தது இசக்கியம்மாளுக்கு. டிவிக்குள் நிற்கிற யானைக்குட்டியைத்தான். ஊதா நிறம், தொப்பை, கழுத்தில் மஞ்சள் துண்டு, பெயர் பன்னீராம். அது ஒரு கேள்வி கேட்கும். கேட்டுவிட்டுச் சும்மா நிற்கும். திரைக்குள்ளேயிருந்து நேரே வீட்டுக்குள் பார்க்கும், இமை கொட்டும், காதை ஆட்டும், வீட்டிலிருக்கிற பிள்ளை பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருக்கிறதாம். சொல்லித் தொலையேன் மூதேவி, உனக்குத்தான் பதில் தெரியுமே, தெரியாமலா டிவியில் வந்து நிற்கிறாய் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை. முன்னறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடிப்பக்கம் மீன் சட்டி, இந்தப் பக்கம் பழைய பேப்பர். நகத்தை வைத்துக் கழுத்தில் ஒரு அழுத்து, ஒரு இழுப்பு, தலையும் குடலும் சேர்ந்து வந்துவிடும். கத்தியே வேண்டாம். பேப்பரில் தலைகள் குவிந்துகொண்டிருந்தன, எல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு. உள்ளறையில் அவள் புருசன் சங்கரலிங்கம், கோயம்புத்தூர் பஸ் ஓட்டிவிட்டு விடிகாலையில் வந்து விழுந்தவன், குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அதனால் டிவியில் சத்தம் கம்மி, வீட்டிலும் சத்தம் கம்மி, கத்தவும் முடியாது. கத்தமுடியாத நேரத்தில்தான் கத்தவேண்டியதெல்லாம் வந்து தொண்டையில் வரிசை கட்டி நிற்கும். டிவிக்குக் கிட்டத்தில், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் மகள் நித்திலா. ஒண்ணாம் வகுப்பு. ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அந்தப் பிள்ளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானாகத் திரும்பித் தன்னைப் பார்க்காதா என்றுதான் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மீனாவது, கார்ட்டூனாவது.

மற்ற ஞாயிறுகளில் இப்படியா? கார்ட்டூன் ஆரம்பித்தால் அவள் தொடையில்தான் தலையை வைத்துப் படுப்பாள், காலைத் தூக்கிச் சுவரில் வைப்பாள், அம்மா இதப் பாரு, அம்மா அதப் பாருன்னு பிடுங்கி எடுப்பாள், ஒரு வேலை செய்ய விடமாட்டாள். போட்டி அங்கிட்டு, சனியனே, மேலெல்லாம் மீன் நாறுது என்று தள்ளிவிட்டாலும் அட்டை மாதிரி வந்து ஒட்டிக்கொள்வாள். இன்றைக்கு யாரும் தள்ளவில்லை, தானாகவே தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். காலையில் நடந்ததை நினைக்கக்கூடாது என்றுதான் மீனில் கண்ணை வைத்திருந்தாள், நினைப்பு எங்கே கேட்கிறது. குளியலறை வாசலில் பிள்ளை பிரஷ்ஷோடு நின்றாள். மேலே கொடியில் துண்டு கிடந்தது. எடுக்கலாமென்று இவள் கையைத் தூக்கினாள், அவ்வளவுதான். பிள்ளையின் தலை தோளுக்குள் போய்விட்டது. கண் இறுகிவிட்டது. பிரஷ்ஷைப் பிடித்த கை தன்னால் காதுக்கு மேலே போய் நின்றது. வாயோரத்தில் நுரை. "துண்டு எடுக்கேன்ட்டி" என்றாள் இசக்கியம்மாள். "சரிம்மா" என்றது பிள்ளை. கண்ணைத் திறக்காமலே சொன்னது. கொடிக்குத் தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது, துண்டை எடுப்பதா, இறக்குவதா, இறக்கினால் அது எப்படித் தெரியும் இந்தப் பிள்ளைக்கு என்று. ஒரு துண்டை எடுக்கிறதுக்குப் பயந்து நின்றாள் பெற்றவள். பொத்தென்று அடுத்த மீன் சட்டியில் விழுந்தது. அதன் வயிறு கிழிந்து விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சுழியால் வந்தது. சுழியாலா வந்தது? மீட்டிங்கால் வந்தது. நேற்று சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். சின்னச் சின்ன நாற்காலியில் அம்மாக்களெல்லாம் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அஸ்வந்த் அம்மா, ரிஃபானா அம்மா, இவள் நித்திலா அம்மா. அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. வகுப்பு மிஸ் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "நித்திலா அம்மா, ரெண்டு சுழி எது மூணு சுழி எதுன்னு பிள்ளைக்கு இன்னும் பிடிபடல. வீட்ல யாரும் உக்காந்து பாக்குறதில்லையா?" என்று கேட்டாள். சிரித்த முகமாய்த்தான் கேட்டாள். அஸ்வந்த் அம்மா ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அந்தக் கண்ணைத் தோண்டி எடுத்திருக்கலாம். "பன்னீர் யானைன்னு ஒரு கார்ட்டூன் வருது, அதப் போட்டுக் காட்டுங்க. சண்டை கிடையாது, கத்தல் கிடையாது, நல்ல விசயமா சொல்லித் தாராங்க. நீங்களும் கூட உக்காந்து பாருங்க, பிள்ளை என்ன பதில் சொல்லுதுன்னு கவனிங்க" என்றாள் மிஸ். எல்லா அம்மாக்களும் ஆமா மிஸ் ஆமா மிஸ் என்று தலையாட்டினார்கள். இவளும் ஆட்டினாள். ஆட்டிய தலையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்து வந்து, சாயங்காலம் பிள்ளையை உட்காரவைத்து, "அணில்னு எழுது" என்றாள். ஞாயிறு தவறாமல் பிள்ளை பார்க்கிற கார்ட்டூன்தான் அது, அதில் யானைக்கு ஒரு அணில் கூட்டாளி உண்டு, மிட்டு என்று, பிள்ளைக்கு உயிர் அதன்மேல். ஆசையாய்த்தான் எழுதினாள். ரெண்டு சுழி போட்டாள். "மூணு சுழிட்டி." அழித்துவிட்டு எழுதினாள், மறுபடியும் ரெண்டு சுழி. "மூணுன்னு சொல்லுதேன்ல?" அழிரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாள் கிழிந்தது. மூன்றாவது தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுழியாய் வளைத்து வளைத்து, நாலு சுழி போட்டு வைத்தாள். நாலு! உலகத்தில் எவன் கண்டான் நாலு சுழியை? "இது என்னட்டி?" என்றால், "கூட ஒண்ணு இருக்கட்டும்னு போட்டேம்மா" என்றது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நிசமாகவே வருகிறது, எவ்வளவு புத்தி அந்தப் பிள்ளைக்கு, குறைந்தால்தானே அம்மா கோபப்படுகிறாள், ஒன்றைக் கூட்டியே கொடுத்துவிடுவோம் என்று. நேற்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றைக்குக் கை வந்தது.

முதல் அடி தொடையில். அது கோபத்தில் விழுந்தது, அதைச் சொல்லிக்கொள்ளலாம், எல்லா அம்மாவும் அடிக்கிறதுதான். ரெண்டாவது அடிக்கும் ஒரு கணக்குச் சொல்லலாம், பிள்ளை எழுந்து ஓடப் பார்த்தது. அதற்கப்புறம் விழுந்ததற்கு என்ன சொல்ல? அதற்கப்புறம் சுழியும் இல்லை, அணிலும் இல்லை. தொடையில், முதுகில், அது திரும்பிய பக்கமெல்லாம். மிஸ்ஸின் சிரித்த முகம், அஸ்வந்த் அம்மாவின் பார்வை, நாத்தனார் என்றைக்கோ பேசிய பேச்சு, வெயில், முட்டிவலி எல்லாம் தோளிலிருந்து இறங்கிக் கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வாயில் சொல்லக்கூடாத ஒன்று உண்டு, அவள் அதை யாரிடமும் சொல்லமாட்டாள், கோயிலில் நின்று சாமியிடம்கூடச் சொல்லமாட்டாள். அதில் ஒரு சுகம் இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்த மாதிரி உடம்பெல்லாம் குளிர்ந்துகொண்டே வந்தது. பிள்ளை அலறியதுகூடத் தூரத்தில் எங்கேயோ கேட்டது. கை எரிந்தபிறகுதான் நின்றாள். உள்ளங்கை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. பிள்ளை தரையில் சுருண்டு, விக்கி விக்கி, மூச்சு ஏறிப் போய் இறங்காமல், "இனிமே மூணு போடுதேம்மா, இனிமே மூணு போடுதேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இசக்கியம்மாளுக்கு உறைத்தது. அடிப் பாவி, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? எண்ணெய் போட்டுவிட்டாள், தோசை ஊற்றி ஊட்டிவிட்டாள், தூங்குகிற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், எல்லாம் செய்தாள். விடிகாலையில் வந்த சங்கரலிங்கம் பாவாடை விலகிக் கிடந்த தொடையைப் பார்த்தான். ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது, ஐந்தா, எத்தனை ஐந்து. சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். கட்டிலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பிள்ளைன்னா அடிக்கத்தான் செய்வோம், ஒரு அளவு வேண்டாமா இசக்கி?" என்றான். சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியும்விட்டான். அளவாம். தலையணையை எடுத்து அந்த மூஞ்சியில் வைத்து ஏறி உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. நீ ராத்திரியெல்லாம் ரோட்டில் இருப்பாய், பகலெல்லாம் தூக்கத்தில் இருப்பாய், பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிவந்து நீட்டுகிற நல்லவன் நீ, அளவைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாயாக்கும். கல்யாணம் ஆன புதிதில், "பேருக்கேத்த ஆளுதான் நீ" என்று கேலி பண்ணியவன்தானே. குறட்டை ஒரு கணம் நின்று மறுபடி பிடித்தது.

பேருக்கேத்த ஆள். அவள் ஊர் எல்லையில் இசக்கியம்மன் சிலை உண்டு, சுதையில் செய்து பச்சையும் சிவப்புமாய்ச் சாயம் பூசியது. இடுப்பில் ஒரு பிள்ளை. இன்னொரு பிள்ளை வாயில். கடித்துக்கொண்டிருக்கும் அம்மன், பிள்ளையின் குடல் தொங்கும், அம்மனின் கண் ரெண்டும் கோழிமுட்டை பெரிசில் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். உன் பேர்தான்ட்டி அதுக்கும் என்று கூட்டாளிகள் சொல்லும்போதெல்லாம் அழுவாள். எனக்கு ஏன் அந்தப் பேர் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்து, "சாமியப் பத்திக் கேள்வி கேக்கியா?" என்றாள். அம்மாவுக்கு எதற்கும் கைதான். கையும் இல்லாவிட்டால் வாய். கொன்னு போட்டுருவேன், தோலை உரிச்சு உப்புத் தடவிருவேன், காலை ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன், நாக்கை இழுத்து வச்சு அறுத்துருவேன். சோறு போட்டுக்கொண்டே சொல்வாள், தலை வாரிக்கொண்டே சொல்வாள், பாசமாய் இருக்கும்போதும் அதையேதான் சொல்வாள், கூட ஒரு "என் ராசாத்தி" சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருநாள் பொய் சொன்னதற்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி. மாட்டுத்தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டு கிடந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் எரிகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அடிக்கமாட்டாள், அவள் விரலிடுக்கில் பென்சிலை வைத்து, மேலேயிருந்து தன் கையால் இறுக்குவாள். "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். அந்தச் சும்மா நிற்கிற நேரம் இருக்கிறதே, எலும்பு நெரிகிறதைவிட அதுதான் கொடுமை. டீச்சர் முகத்தில் ஒன்றும் இருக்காது. காத்திருப்பாள். அந்தக் காத்திருப்புக்குள் ஏழும் தெரியாது எட்டும் தெரியாது, தன் பேரே தெரியாது, அந்த விரல்கள் மட்டும்தான் தெரியும். மூத்திரம் போய்விடும். ஐயோ, அதனால்தானா? யானைக்குட்டி கேட்டுவிட்டு நின்றதும் அவ்வளவு கோபம் வந்தது அதனால்தானா? இசக்கியம்மாள் கையிலிருந்த மீனைக் கிள்ளாமல் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் திரையை முழுசாய்ப் பார்த்தாள்.

பன்னீர் தப்புச் செய்திருந்தது. மேசைக்கு எத்தனை கால் என்று மிட்டு கேட்க, பன்னீர் தன் காலையும் சேர்த்து எண்ணிவிட்டது. இப்போ விழும் பார் என்று அவள் உடம்பு தயாரானது. ஒன்றும் விழவில்லை. "பரவாயில்லை பன்னீர், இன்னொரு தடவை பார்ப்போமா?" என்றது அணில். இன்னொரு தடவை பார்த்தார்கள். மறுபடியும் தப்பு. மறுபடியும் பரவாயில்லை. எத்தனை பரவாயில்லைதான் இருக்கிறது இதுகளிடம் என்று எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் எரிச்சலுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இந்தக் கார்ட்டூன் காட்டில் யாரும் கை ஓங்குவதில்லை. நரி இருக்கிறது, அதுவும் கேட்டுவிட்டுத்தான் தின்னுகிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை, டீச்சர் இல்லை, பெரியவர்கள் என்று ஒருத்தருமே இல்லை, அதனால்தான் இப்படி நிம்மதியாய் இருக்கிறதுகளோ என்னவோ. இந்தப் பன்னீருக்கு ஒரு அம்மா இருந்தால் தெரிந்திருக்கும் சேதி. மேசைக்கால் எண்ணத் தெரியாதா உனக்கு, தடிமாடு, தின்னத் தெரியுதுல்ல என்று தும்பிக்கையை முறுக்கியிருப்பாள். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் அம்மாக்கள் எழுதியிருந்தார்கள், எங்க பையன் இதைப் பார்த்து எண்ணக் கத்துக்கிட்டான், எங்க பொண்ணு ப்ளீஸ் சொல்லக் கத்துக்கிட்டா, ரொம்ப நல்ல ப்ரோகிராம், அப்படி இப்படி என்று. ஒருத்தியாவது இதை எழுதினாளா? அது காத்திருக்கிறது, கையில் ஒன்றுமில்லாமல் காத்திருக்கிறது என்று? பன்னீர் திரும்பி வீட்டுக்குள் பார்த்து, "மேசைக்கு எத்தனை கால்?" என்று கேட்டது. இமை கொட்டியது. இசக்கியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு, என்று அவள் உதடு அசைந்தது. "சபாஷ், சரியாச் சொன்னே!" என்றது யானை. அவளிடம் இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. முப்பது வயசுக்கு மேலான பொம்பளை, ஒரு பொம்மை யானை சொன்னதற்குத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இதைப் போய் வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"தண்ணி வேணுமாட்டி?" என்று கேட்டாள். என்னத்தையாவது கேட்டால் திரும்புமே என்றுதான். "வேண்டாம்மா" என்றது முதுகு. "முறுக்கு தரவா?" "பெறவு தின்னுதேம்மா." "சத்தம் கொஞ்சம் கூட வைக்கவா?" "அப்பா தூங்காங்கள்லம்மா." எவ்வளவு அடக்கமான பதில்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அம்மா. ஒரு தடவை சொன்னால் கேட்கிற பிள்ளை வேண்டும் வேண்டும் என்று ஆறு வருசமாய்த் தொண்டை கிழியக் கத்தினாளே, இதோ கிடைத்துவிட்டது. இதற்கு அந்தப் பழைய சனியனே தேவலை, கேட்டதற்கு எதிர்த்துப் பேசும், முறுக்கைப் பிடுங்கும், மீன்தலையை எடுத்துப் பொம்மைக்குச் சோறு என்று வைக்கும். ஒரே சாயங்காலத்தில் அந்தப் பிள்ளையை அடித்துக் கொன்றுவிட்டு இந்த நல்ல பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேனா? கை வலிக்கிறது என்று நின்றேனே, வலிக்காமல் இருந்திருந்தால்? சுவர் பக்கத்தில் இருந்ததே, கட்டில் முனை பக்கத்தில் இருந்ததே, தலை அதில் பட்டிருந்தால்? ரத்தம் தரையில் ஓடுவதைப் பார்த்தாள், நிசமாகவே பார்த்தாள், பச்சை மொசைக்கின்மேல், அழிரப்பர் தூளை நனைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டார் ஓடி வருகிறார்கள், சங்கரலிங்கம் பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டு வருகிறான், எத்தனை சுழி எத்தனை சுழி என்று எல்லாரும் அவளைக் கேட்கிறார்கள். சட்டியில் கையை விட்டாள், மீன் நழுவியது. செத்தால்தான் சாவா? உயிரோடு இருந்து, வளர்ந்து, ஒவ்வொரு தடவை எவனாவது கை தூக்கும்போதும் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு சரிங்க சரிங்க என்று நிற்குமே, அது என்னது? இல்லாவிட்டால் தனக்கொரு பிள்ளையைப் பெற்று அதன் முதுகில் இறக்குமே, கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேனே. அம்மா கை என் கையில் வந்து ஏறிக்கொண்ட மாதிரி. என் கையை வெட்டிப் போட்டால் தேவலை. அரிவாள்மனை அடுப்படியில்தான் இருக்கிறது. பேச்சுக்குத்தான், எவள் வெட்டிக்கொள்ளப் போகிறாள், நாளைக்கு யார் சட்னி அரைக்கிறது. பேப்பர் நனைந்து ஓட்டை விழுந்து, தலைகள் தரையில் உருண்டிருந்தன. பொறுக்கி மேலே போட்டாள்.

டிவியில் இப்போது மிட்டுவுக்குக் கட்டில் செய்கிறார்களாம். அதற்கு நீளம் அளக்கவேண்டும். பன்னீர் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டக் காலை எடுத்து வைத்து, ஓர் அடி, ஈரடி, மூன்றடி என்று நடந்து காட்டியது. நல்ல புத்தகத் தமிழ். சதுர அடி என்று அவள் நினைப்பு ஒரு சுற்றுப் போய்வந்தது, இலுப்பையூரணிப் பக்கம் மனை பார்க்கப் போனபோது புரோக்கர் வாய் ஓயாமல் சதுர அடி சதுர அடி என்றதும், நித்திலா அந்தப் பொட்டலில் ஓடி ஓடி இது என் ரூம் என்று கல் வைத்ததும், கருவேலமுள் குத்தி இவள்தான் பல்லால் கடித்து எடுத்ததும். அன்றைக்கு இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை வீடுவரைக்கும் நொண்டி வந்தாள். மிட்டுவும் அதே நீளத்தை அளந்தது. அதன் கால் பொடிசு, தத்தித் தத்தி அளந்து முடிக்கவே இல்லை. நீ சொல்கிற கணக்கு வேறு, நான் சொல்கிற கணக்கு வேறு என்று ரெண்டுக்கும் குழப்பம். சண்டை வரும் என்று பார்த்தால் வரவில்லை, ரெண்டும் யோசித்தன. பிறகு பன்னீர் வழக்கம்போல வீட்டுக்குள் பார்த்தது. "குழந்தைகளே, நீங்களே சொல்லுங்கள். யாருடைய அடி பெரிய அடி?" கேட்டுவிட்டு நின்றது. இமை கொட்டியது. காதை ஆட்டியது. நித்திலாவின் முதுகு நிமிர்ந்தது. விரலை மடக்கி என்னவோ யோசித்தாள், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள், அவசரமே படவில்லை.

"மிஸ் அடி சின்னது" என்றாள் டிவியைப் பார்த்து. "ஸ்கேல் வச்சு, சும்மா லேசா. அம்மா அடிதான் பெருசு."

"சபாஷ், சரியாச் சொன்னே!" என்றது பன்னீர்.

மிட்டு குதித்தது, மேலேயிருந்து பூவாய்க் கொட்டியது. "வீட்டிலிருக்கும் அம்மா அப்பாவும் கை தட்டுங்கள், பார்ப்போம்!" என்று யானைக்குட்டி துள்ளித் துள்ளி ஆடியது. நித்திலா திரும்பினாள். காலையிலிருந்து எதற்காக உட்கார்ந்திருந்தாளோ அது நடந்துவிட்டது, பிள்ளை தானாகத் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு, முன்பல் விழுந்த ஓட்டை தெரிகிற சிரிப்பு. பயமும் இல்லை, குத்திக் காட்டலும் இல்லை. பதில் தெரிந்த பிள்ளையின் சந்தோசம். "அம்மா, நான் கரெக்ட்டாச் சொல்லிட்டேன்! கை தட்டு, உன்னையத்தான் தட்டச் சொல்லுது." இசக்கியம்மாளின் கை ரெண்டும் மீன் சட்டியின் விளிம்பில் கிடந்தன, கறுப்பும் சிவப்புமாய், செதில் ஒட்டிக்கொண்டு. தூக்கப் பார்த்தாள், எழும்பவில்லை. அடித்துவிட்டேனே என் தங்கமே என்று சொல்லப் பார்த்தாள், வாயும் எழும்பவில்லை. "தட்டும்மா" என்றாள் பிள்ளை. யானைக்குட்டி காத்துக்கொண்டிருந்தது. பிள்ளையும் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தொடையைக் கொஞ்சம் விலக்கி வைத்து நொண்டினாற்போல் வந்து, அம்மாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "ச்சீ, நாத்தம்" என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டே ரெண்டு கையையும் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, ஒன்றோடு ஒன்றை மோதினாள். ஈரமாய் ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் மோதினாள். அதற்குள் அவளுக்குத் தட்டுப்பட்டுவிட்டது, தன் கைக்குள் இருக்கிற கை ஆடிக்கொண்டிருப்பது. பிடித்த பிடியை விடாமல் அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

"ஏம்மா நடுங்குத? பயப்படாத" என்றாள். "தப்பாச் சொன்னாலும் பன்னீர் அடிக்காது."